மாமியின் கையில் சீப்பைக் கொடுங்கள்

"வணக்கம் டொக்டர். எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மூத்த மகளுக்கு ஒன்பது வயது, தரம் 4 படிக்கிறாள், இடுப்பு வரைக்கும் முடி. தைப்பொங்கலுக்குப் பிறகு இது மூன்றாவது தடவையாகப் பேன். டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னதால் பள்ளிக்கூடம் போகவே அழுகிறாள். மாமி தேங்காயெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து தேய்க்கச் சொல்கிறா. பக்கத்து வீட்டு அக்கா அன்னமுன்னா விதையை அரைத்துப் பூசச் சொல்கிறா. மச்சான், வேளாண்மைக்கு அடிக்கிற மருந்தில் ஒரு சொட்டு போதும் என்கிறார். வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது. இன்னும் மூன்று கிழமையில் அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழா. இதில் எந்தக் கைமருந்து நல்லது? பேசாமல் முடியை ஒட்ட வெட்டிவிடவா?"

தங்கச்சி, மச்சானுக்குத்தான் முதல் பதில். வேளாண்மைக்கு அடிக்கிற மருந்து ஒரு சொட்டும் வேண்டாம். அந்தப் போத்தலைத் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளையின் தலையில் வைக்கவும் வேண்டாம். பூச்சிமருந்து வாயால் போனால்தான் நஞ்சு என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பல வகை தோலாலேயே உடம்புக்குள் இறங்கும். சொறிந்து சொறிந்து புண்ணாகிப்போன தலை என்றால் கேட்கவே வேண்டாம். எச்சில் வடியும், உடம்பெல்லாம் வியர்க்கும், சத்தி வரும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும். உயிர்களைக் குடித்ததால்தான் நமது இலங்கையில் 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் இரண்டையும், 1998இல் என்டோசல்பானையும் நிறுத்தினார்கள். இப்போது மச்சானின் கொட்டிலில் இருப்பது அவற்றைவிடச் சாதுவாக இருக்கலாம். ஆனால் அது ஏக்கர் கணக்கில் வயலுக்கு அளந்த மருந்து, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அளந்தது இல்லை. நாய்க்குப் போடுகிற உண்ணிப் பவுடர், நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாமும் இதே கணக்குத்தான். யாராவது ஏற்கெனவே பூசிவிட்டிருந்தால், உடுப்பைக் கழற்றி, தலையையும் உடம்பையும் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மருந்துப் போத்தலையும் கொண்டுபோங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் வைத்தியம் தொடங்குவார்கள்.

சரி, இனி மாமியின் மண்ணெண்ணெய்.

இது எனக்கும் நடந்தது. எட்டு வயதிருக்கும், எங்கள் அம்மம்மா ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து தலையில் பூசி, பழைய சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டிப் படுக்க வைத்தா. விடிய அவிழ்க்கும்போது சீலையில் பேன் செத்துக் கிடந்தது உண்மை. பிடரியில் தோல் உரிந்து, சட்டைக் கொலர் பட்டாலே எரிந்ததும் உண்மை. இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் பேன் வந்தது. அதை மட்டும் வீட்டில் யாரும் மண்ணெண்ணெயின் கணக்கில் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் பிடித்தது என்றார்கள்.

மண்ணெண்ணெய் பேன் சிலவற்றைக் கொல்லும், ஈர் எல்லாவற்றையும் கொல்லாது. தோலை எரிக்கும். சின்னப் பிள்ளை தெரியாமல் வாயில் வைத்துப் புரையேறி நெஞ்சுக்குள் போனால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் நெருப்புத்தான். மண்ணெண்ணெய்த் தலையோடு பிள்ளை அடுப்படிக்குப் போகும், கரண்ட் நின்றால் குப்பி விளக்கைத் தூக்கும். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையை நாம் சிரித்துக்கொண்டு சொல்கிறோம், இங்கே கொளுத்தப்போவது தலையை.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அன்னமுன்னா (சீத்தாப்பழ இனம்) விதையில் உண்மையிலேயே பூச்சியைக் கொல்லும் சத்து இருக்கிறது. அதே சத்துத்தான் கண்ணையும் அரிக்கும். அரைத்த விதையைத் தலையில் பூசும்போது நெற்றி வழியாக ஒரு சொட்டு இறங்கினால் போதும், கண்ணின் கருவிழித் தோல் புண்ணாகி, பிள்ளை கண் திறக்க முடியாமல் துடிக்கும். அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்த பிறகு நான் அந்த விதைக்கு நல்ல வார்த்தை சொல்வதில்லை. தவறிப் பட்டுவிட்டால், கசக்க விடாமல், சுத்தமான தண்ணீரைக் கண்ணில் விட்டு விட்டு ஒரு இருபது நிமிடம் கழுவுங்கள். வலி குறைந்தாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு மூன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கிழமை யாராவது சொல்லத்தான் போகிறார்கள். எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசக்கூடாது. அது தோலாலும் உள்ளே போகும், சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். அந்துருண்டையும் வேண்டாம். தேசிக்காய்ச் சாறு ஈரின் பசையைக் கரைக்கும் என்பார்கள். நம்பும்படி கரைப்பதில்லை. புண்ணில் பட்டால் எரியும், தேசிப்புளி பட்ட தோலோடு நமது ஊர் வெயிலில் போனால் கொப்பளித்துக் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு மாதக் கணக்கில் நிற்கும். ஆற்றில் இறங்கி நல்லா முங்கி எழும்பினால் பேன் செத்துப்போகும் என்பதும் ஒரு கதை. (வாவியை நாம் ஆறு என்றுதானே சொல்கிறோம்.) பேனுக்கு மூச்சு வாங்கும் துளைகள் உடம்பின் பக்கங்களில் இருக்கின்றன. தண்ணீர் பட்டால் அவற்றை மூடிக்கொண்டு, முடியைக் காலால் பிடித்தபடி மணிக்கணக்கில் இருக்கும். பிள்ளைக்கு ஆற்றில் விளையாடக் கிடைத்த சந்தோஷந்தான் மிச்சம்.

அப்படியென்றால் கைமருந்தே இல்லையா? இருக்கிறது, உங்கள் அடுப்படியிலேயே. தேங்காயெண்ணெய். ஆனால் அதை மருந்து என்று நினைத்துப் பூசினால் ஏமாறுவீர்கள். எண்ணெய் தடவின தலையில் பேன் ஓடமாட்டாது, மந்தித்துப்போகும். முடி வழுக்கிச் சிக்கு விடும், சீப்பு அடிவரைக்கும் போகும். எண்ணெய் செய்கிற உதவி அவ்வளவுதான், அது பெரிய உதவி. வேப்பெண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் குற்றமில்லை, மணத்தைப் பிள்ளை பொறுத்தால். ஆனால் வேப்பெண்ணெய் கைக்குழந்தையின் வாய்க்குப் போகக்கூடாது. பூசின கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள், போத்தலை உயரத்தில் வையுங்கள்.

பேனை எடுப்பது சீப்பு. எந்த நாளில் சீப்புப் போடுகிறோம் என்பதுதான் வைத்தியம். மூன்று தடவையும் உங்களுக்குத் தவறினது அந்த நாள் கணக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, பேனின் வாழ்க்கை கிட்டத்தட்ட அதேதான். பெண் பேன் ஒரு நாளைக்கு ஆறு, எட்டு ஈர் வைக்கும். தலைத்தோலின் சூடு வேண்டும் என்பதால் முடியின் அடியில், தோலோடு ஒட்டி வைக்கும். வைக்கும்போதே ஒரு பசை சுரந்து முடியைச் சுற்றி இறுகிவிடும். சவர்க்காரத்துக்கோ எண்ணெய்க்கோ மசியாது. ஏழு முதல் பத்து நாளில் குஞ்சு வெளியே வரும். குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்கத் தொடங்க இன்னும் ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். பெரிய பேன் ஒரு மாதம் அளவில் தலையில் இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்ன பூசினாலும், என்ன வாரினாலும், ஈர் அப்படியே இருக்கிறது. அடுத்த ஞாயிறு அது பொரிக்கிறது. தலை துப்புரவாகிவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கிற நேரம் அது.

அதனால் நாள் இப்படி: முதலாம் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள், பதினேழாம் நாள். ஞாயிறு தொடங்கினால் வியாழன், திங்கள், வெள்ளி, செவ்வாய். கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இடையில் பொரிக்கிற ஒவ்வொரு குஞ்சும் ஈர் வைக்கும் வயதுக்கு வருவதற்குள் உங்கள் சீப்பில் மாட்டும். பதின்மூன்றாம் நாளோ பதினேழாம் நாளோ ஒரு பேன் ஓடினாலும், அன்றைக்கிருந்து கணக்கைத் திரும்பத் தொடங்க வேண்டும். உங்களுக்கு மூன்று கிழமை இருக்கிறது, இந்த ஞாயிறே தொடங்கினால் குளிர்த்திக்கு முன் முடியும்.

வாரும் முறையையும் சொல்கிறேன், இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பேன் சீப்பு உலோகப் பல் வைத்ததாக வாங்குங்கள். பிளாஸ்டிக் சீப்பின் பல் வளையும், பேன் நடுவே நழுவும். பற்கள் ஒன்றோடொன்று முட்டினது போல நெருக்கமாக இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், வாசல் படியில், மகளை உங்களுக்குக் கீழ்ப்படியில் இருத்துங்கள். தோளில் ஒரு வெள்ளைத் துவாய். முடியை முதலில் முழுகவைத்து, ஈரத்தோடே தேங்காயெண்ணெயை அடியிலிருந்து நுனி வரைக்கும் தாராளமாகத் தடவி, பெரிய சீப்பால் சிக்கெடுங்கள். வீட்டில் கண்டிஷனர் இருந்தால் எண்ணெய்க்குப் பதில் அதுவும் நல்லது. பிறகு முடியை விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன வகிடாகப் பிரியுங்கள். பேன் சீப்பின் பல் தலைத்தோலைத் தொட வேண்டும். தொட்ட இடத்திலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள்ளு நிறத்தில் கால் அசைப்பது பேன். ஊசி முனை அளவில், கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் ஓடுவது குஞ்சு. அதைத்தான் கண் தவறவிடும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரண்டு மூன்று தடவை வாருங்கள், அங்கேதான் அவை குடியிருக்கும். இடுப்பு வரை முடி என்றால் ஒரு மணித்தியாலம் போகும். போகட்டும். கடைசியில் அரப்போ ஷாம்புவோ போட்டு முழுகவைத்து, சீப்பைக் கொதிநீரில் போட்டெடுங்கள்.

பேன் சீப்பு மனிதர் கையிலிருக்கும் மிகப் பழைய மருத்துவக் கருவிகளில் ஒன்று. இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய நகரத்தில் யானைத் தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது, ஏறக்குறைய 3700 ஆண்டு பழையது. அதில் கீறியிருந்த எழுத்தை 2022இல் வாசித்தார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்று இருந்தது. அந்த எழுத்து வகையில் நமக்குக் கிடைத்த முதல் முழு வாக்கியமே அதுதானாம். பணக்காரருக்கும் பேன் இருந்திருக்கிறது, தங்கச்சி. தந்தச் சீப்பு ஏழை வீட்டில் இருக்காது.

ஆகவே டீச்சர் சொன்னதற்காக நீங்கள் குறுக வேண்டாம். பேன் ஊத்தைத் தலை, துப்புரவான தலை என்று பார்ப்பதில்லை. அது பாயவும் மாட்டாது, பறக்கவும் மாட்டாது. ஒரு தலை இன்னொரு தலையில் முட்டும்போது நடந்து போகும். ஒரே வாங்கில் மூன்று பிள்ளைகள் தலை சேர்த்துப் படம் பார்ப்பதும், ஒரே பாயில் படுப்பதும் போதும். உடம்புச் சூட்டால் பேன் பொரிக்கும் என்பதிலும் உண்மையில்லை, கோழிக்கூட்டுப் பேன் மனிதத் தலையில் குடும்பம் நடத்துவதுமில்லை. இன்னொன்று: முதல் தடவை பேன் பிடித்தால் கடி, அதாவது அரிப்பு, தொடங்க நான்கு ஆறு கிழமை ஆகும், ஏனென்றால் கடி என்பது பேனின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. பிள்ளை சொறியத் தொடங்கும்போது பேன் வந்து ஒரு மாதம். அடுத்த தடவைகளில் ஓரிரு நாளிலேயே கடிக்கும். அதனால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வகுப்பில் வழக்கு விசாரிப்பதில் பயனில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தத் தேவையில்லை. டீச்சரிடம் தனியாகப் போய், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வகுப்பில் மற்றப் பெற்றோருக்கும் பெயர் சொல்லாமல் ஒரு தகவல் கொடுங்கள் என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே கிழமையில் சீப்புப் போட்டால்தான் நான்காவது தடவை வராது.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான். முதலாம் நாளே எல்லாத் தலையையும் பாருங்கள், மாமியின் கொண்டையையும் சேர்த்து. வயதான ஆட்களுக்குக் கடி அவ்வளவாகத் தெரியாது, பேத்தியைப் பக்கத்தில் படுக்கவைத்துத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இதை மாமியிடம் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். டொக்டர் எழுதினது என்று வாசித்துக் காட்டுங்கள். பேன் இல்லாத தலைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஐந்து மாதக் குழந்தைக்கு எந்த மருந்தும் வேண்டாம், மெல்லிய முடியில் பேன் தெரிந்தால் சீப்பே போதும்.

வீட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவவும் வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் இல்லாமல் ஓரிரு நாளில் செத்துப்போகும். தலையணை உறை, துவாய், ரிபன், சீப்பு இவற்றை மட்டும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள்.

சீப்பால் மட்டும் முடியவில்லை, நேரமில்லை என்றால் பாமசியில் பெர்மெத்ரின் 1 வீத லோஷன் கேட்கலாம். தலைப்பேனுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சொறிக்குப் பூசுகிற 5 வீத கிரீம் வேறு. கண்டிஷனரோ எண்ணெயோ போடாமல் ஷாம்புவால் முழுகி, துவாயால் ஒற்றி, ஈர முடியில் அடிவரைக்கும் தடவி, பத்து நிமிடத்தில் தலையைக் குனியவைத்துக் கழுவ வேண்டும். கனநேரம் வைத்தால் நன்றாக வேலை செய்யும் என்று இரவு முழுக்க விடாதீர்கள். ஒன்பதாம் நாள் அளவில் இன்னொரு தடவை. இரண்டாம் தடவையை விட்டவர்கள்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பி வருவார்கள். சில இடங்களில் பேன் இந்த மருந்துக்குப் பழகிவிட்டதும் உண்மை, ஆகையால் மருந்து போட்டாலும் சீப்பை விடாதீர்கள். நீங்கள் பாலூட்டுகிற தாய், உங்கள் தலைக்குப் போடுவதென்றால் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தலையில் சீழ்ப்புண், காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், கண்ணிமை முடியில் பேன் இவற்றில் ஒன்று இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். புண்ணுக்கு முதலில் மருந்து வேண்டும், பிறகுதான் பேன். தலைப்பேன் வேறு நோய் எதையும் காவி வருவதில்லை. சொறிந்த நகந்தான் கிருமியை உள்ளே விடுகிறது. மகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

முடியை வெட்டுவதா என்று கேட்டீர்கள். அவளே விரும்பினால் தோள்வரைக்கும் வெட்டுங்கள், வாருவது இலகு. தண்டனை மாதிரி ஒட்ட வெட்டுவதற்கு நான் எதிர். பேன் இருக்கிற இடம் முடியின் அடி அரை அங்குலம், இடுப்பில் தொங்குகிற முடியில் அதற்கு வேலையில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னலை மடித்து ரிபன் கட்டி அனுப்புங்கள், அவிழ்ந்த முடிதான் மற்றத் தலையைத் தேடிப் போகும்.

கடைசியாக, பதினேழு நாள் கழிந்தும் முடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். பயந்து திரும்ப மருந்து போட்டுவிடாதீர்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீட்டர் அளவில் வளரும். தலைத்தோலிலிருந்து அதற்கும் தள்ளி இருப்பது பொரித்த வெறும் கோது. தட்டினால் விழுந்தால் பொடுகு, நகத்தால் இழுத்தாலும் வழுக்காமல் இருந்தால் ஈர். தோலோடு ஒட்டி மண்ணிறமாக இருப்பதை மட்டும் கவனியுங்கள். கோதை எடுப்பது அழகுக்காக மட்டும். அதற்கு மாமியைப்போல ஆள் கிடைக்காது. மண்ணெண்ணெய்ப் போத்தலை வாங்கி வைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் படியில் இருத்தி, மகளின் தலையை மாமியின் மடியில் கொடுங்கள். இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவே ஒவ்வொரு கோதையும் முடி நுனி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற பொறுமை நமக்கு இல்லை, அவவுக்கு இருக்கிறது. குளிர்த்திக்கு முதல் நாள் பின்னேரம் அதைச் செய்யச் சொல்லுங்கள்.